அவெய்ட்டுக்கு அப்புறம் மாறிய ரசீது எண்

மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையின் எடை நிரலை மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் பராமரிக்கிறேன். குறுவை அறுவடையில் லாரிகள் வரிசைகட்டியபோது, ஒருவர் நெல் இன்னொருவர் ரசீதில் ஏறியது. விவசாயியின் உழைப்புக் கணக்கு இது, விட முடியாது.

எடைமேடையின் பழைய சி லைப்ரரி, ரசீது எண்ணை த்ரெட் (நிரலின் வேலைகளை ஓட்டும் இழை) வாரியாக வைத்திருந்தது. அவெய்ட், அதாவது த்ரெட்டைப் பிடித்துவைக்காமல் காத்திருப்பது, முடிந்து டாஸ்க் (ஒரு லாரிக்கான வேலை) வேறு த்ரெட்டில் தொடர்ந்தால், அங்கே முந்தைய லாரியின் எண் கிடக்கலாம்.

சரி என்று எண்ணை அசிங்க்லோக்கலுக்கு மாற்றினேன்; த்ரெட் மாறினாலும் வேலையோடு கூடவே போகும் மதிப்பு அது. அதை உருவாக்கும்போதே ஒரு ஹேண்ட்லர் (மதிப்பு மாறும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) கொடுக்கலாம். நாமே மதிப்பை மாற்றினாலும், த்ரெட்டில் ஓடும் வேலையின் சூழல், அதாவது கான்டெக்ஸ்ட், மாறியதால் மாறினாலும் அது ஓடும். ஹேண்ட்லருக்கு வரும் த்ரெட்கான்டெக்ஸ்ட்சேஞ்ச்டு ட்ரூ என்றால் இரண்டாவது வகை. உள்ளே கரன்ட்வேல்யூவை, அதாவது புது மதிப்பை, லைப்ரரிக்குக் கொடுத்தேன், காலியாக வந்தால் பழைய எண்ணை அழித்தேன். எண்கள் கலப்பது நின்றது.

கான்டெக்ஸ்ட் மாறி ஓடும்போது ஹேண்ட்லரிலிருந்து எக்ஸெப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) பிடிபடாமல் வெளியேறினால் மொத்த நிரலும் விழுந்துவிடும். டேட்டாபேஸ் வேலை எதையும் அங்கே வைக்காதீர்கள்.