பாக்கெட் எடை குறைந்ததும் செட்டிங்கில் கை வைக்கலாமா?

காரைக்குடிப் பக்கம் மசாலாத் தூள் பாக்கெட் போடும் சின்ன யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் மிளகாய்த்தூள் பாக்கெட்டை ஆபரேட்டர் தராசில் வைக்கிறார். 99.2. உடனே மெஷினில் தூள் விழும் அளவின் செட்டிங்கைக் கூட்டுகிறார். அடுத்தது 101.3. உடனே குறைக்கிறார். பொறுப்பான ஆள் என்று பெயர் வேறு!

பெரிய தவறு இதுதான். ஒழுங்காக ஓடும் மெஷினிலும் எடை கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும். ஒவ்வொரு பாக்கெட்டின் வித்தியாசத்தையும் அடுத்ததில் ஈடுகட்டப் போனால், சும்மா விட்டதைவிட எடையின் ஏற்ற இறக்கம் சுமார் 41 சதவீதம் கூடிவிடும். தர நிபுணர் டெமிங், புனல் வழியாகக் கோலிக்குண்டை ஒரு குறியின்மேல் விழவிட்டு, ஒவ்வொரு முறையும் புனலை நகர்த்திச் செய்துகாட்டியது இதைத்தான்.

ஒரே பக்கமாக இறங்குவது வேறு சங்கதி. தூளை அளந்து தள்ளும் திருகில் தூள் அப்பிக்கொண்டால் அன்றைக்கே அளவு குறையத் தொடங்கும். திருகே தேய்ந்தால் மாதக்கணக்கில் குறையும். தனிப் பாக்கெட்டை வைத்து இதைப் பிடிக்க முடியாது. அரைமணிக்கு ஒருமுறை அடுத்தடுத்து ஐந்து பாக்கெட் எடுத்து, சராசரியைத் தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். தனிப் பாக்கெட் 1.5 கிராம் ஆடினால் ஐந்தின் சராசரி 0.7 அளவுக்குத்தான் ஆடும். புள்ளியியலாளர் ஷூவார்ட் 1924-ல் போட்டுக்காட்டிய கட்டுப்பாட்டு வரைபடத்துக்கு இதற்குமேல் பெரிய சாமான் எதுவும் வேண்டாம்.

"சட்டத்தில் 4.5 கிராம் வரை குறையலாமே, அதுவரை ஓடட்டும்" என்பார்கள் சிலர். அந்தச் சலுகை தனிப் பாக்கெட்டுக்குத்தான். சராசரி 100-க்குக் கீழே போகக்கூடாது.

அதற்குப் பயந்து 103-ல் வைத்து ஓட்டுவதும் நஷ்டம்தான்: பாக்கெட்டுக்கு ஒரு கிராம் கூடினாலே 10,000 பாக்கெட்டில் 10 கிலோ தூள் சும்மா போகிறது. இறக்கம் சீராக இருந்தால், சரிசெய்யும் இடைவெளியை இரட்டிப்பாக்கும்போது இறக்கத்துக்காகக் கூடுதலாகப் போடும் தூளும் இரட்டிப்பாகும். மெஷினை ஒருமுறை நிறுத்தினால் ஆகும் செலவு என்ன, அந்தத் தூளின் விலை என்ன? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து இடைவெளியை முடிவு செய்யுங்கள். "வெள்ளிக்கிழமைதான் பார்ப்போம்" என்பது கணக்காகாது.

கை வைக்குமுன் தராசைப் படிக்கல்லால் சோதியுங்கள், ஹாப்பரில், அதாவது தூள் கொட்டிவைக்கும் தொட்டியில், தூள் மட்டம் இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். திருகில் அப்பியிருந்தால் வழித்துத் துடைக்க வேண்டும். செட்டிங்கைக் கூட்டினால் சுத்தம் செய்த மறுநிமிடமே எடை எகிறும். சரிசெய்த நேரத்தையும் அளவையும் அதே தாளில் குறியுங்கள். இல்லையென்றால் ராத்திரி ஷிப்டுக்கு வருகிறவர், எடை தானாக ஏறிவிட்டது என்று நினைத்துத் திரும்பக் குறைத்துவிடுவார்.