ரெமிஷன் என்று டாக்டர் சொன்ன பிறகு என்ன செய்யணும்: ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தையின் பெற்றோருக்கு

என் மகனுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற வகை, ஏஎல்எல் என்று வார்டில் எல்லோரும் சொல்வார்கள். சிகிச்சை தொடங்கி ஐந்தாவது வாரம் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் "ரெமிஷன்ல இருக்கான்மா" என்றார். நான் வராண்டாவில் உட்கார்ந்து அழுதுவிட்டு, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு "சரியாயிடுச்சு" என்று சொன்னேன். அங்கேதான் தப்பு செய்தேன். அடுத்த வாரமே மறுபடி கீமோவுக்குப் பையைக் கட்டியபோது என் அத்தை, அதாவது மாமியார், "அதான் சரியாயிடுச்சுன்னியே, இன்னும் எதுக்கும்மா புள்ளைய வதைக்கிறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வார்த்தை. ரெமிஷன் என்றால் நோய் தணிந்திருக்கிறது என்று அர்த்தம், குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஏஎல்எல்லில் அதற்கு ஒரு அளவுகோல் உண்டு: மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது மஜ்ஜையில் பிளாஸ்ட் எனப்படும் முதிராத செல்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ரத்த அணுக்களின் எண்ணிக்கை பழையபடி ஏறியிருக்க வேண்டும், உடம்பில் வேறெங்கும் நோயின் அடையாளம் இருக்கக் கூடாது. இன்றைய சிகிச்சையில் பெரும்பாலான குழந்தைகள் முதல் மாத முடிவிலேயே இந்தக் கட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள். பெரிய விஷயம்தான், சந்தோஷப்படுங்கள், நானும் பட்டேன்.

ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். நோய் கண்டுபிடிக்கும்போது குழந்தையின் உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செத்தாலும் மீதி ஆயிரம் கோடி. மைக்ரோஸ்கோப்புக்கு மஜ்ஜை சுத்தமாகத் தெரியும், குழந்தை ஓடியாடி விளையாடும், முகத்தில் ரத்தம் ஏறியிருக்கும், அத்தனைக்கும் நடுவில் அந்த மீதி உள்ளே இருக்கும். இதை நான் அத்தையிடம் தட்டுத்தடுமாறிச் சொன்னபோது, வயலிலேயே வாழ்ந்த அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "கோரை மாதிரின்னு சொல்லு. மேல புடுங்கிட்டா வயல் சுத்தமாத்தான் தெரியும், கிழங்கு மண்ணுக்குள்ள கெடக்கும்" என்றார். அதற்கப்புறம் வீட்டில் யார் கேட்டாலும் அவரே இதைச் சொல்லிப் புரியவைத்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவரைப் பிடியுங்கள், முடிந்தால் வீட்டுப் பெரியவரையே, ஏனென்றால் மருந்தை நிறுத்தச் சொல்லும் பேச்சு பெரும்பாலும் பெரியவர்களின் பாசத்திலிருந்துதான் கிளம்பும்.

மருந்தை அத்தோடு விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே இருக்கிறது. 1948ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அமினோப்டெரின் என்ற மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அதுவரை மருந்தால் தணியாத நோய் இது. ஆனால் அந்தத் தணிவு மாதக்கணக்கில்தான் நின்றது, நோய் திரும்பி வந்தது. பல மருந்துகளைச் சேர்த்து, ரெமிஷனுக்குப் பிறகும் வருடக்கணக்கில் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் குழந்தைகள் உண்மையிலேயே பிழைத்தார்கள். அந்த அமினோப்டெரினை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகடா சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதன் நெருங்கிய உறவுதான் இன்று நம் குழந்தைகள் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட்.

சரி, டாக்டர் ரெமிஷன் என்று சொன்னதும் நீங்கள் கேட்க வேண்டியது என்ன? "எம்ஆர்டி பார்த்தீங்களா, எவ்வளவு வந்திருக்கு?" என்பதைக் கட்டாயம் கேளுங்கள். மைக்ரோஸ்கோப்புக்குத் தெரியாத மிச்சத்தைத் தேடும் பரிசோதனை அது, பத்தாயிரம் செல்லில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடும். 0.01 சதவீதத்துக்குக் கீழே என்றால் நல்ல அறிகுறி, மேலே என்றால் சிகிச்சையைக் கடுமையாக்குவார்கள். மேலே வந்தாலும் ஒடிந்துவிடாதீர்கள், அடுத்து எந்தப் பாதையில் போவது என்று முடிவெடுக்கத்தான் அதைப் பார்க்கிறார்கள். அப்புறம், இன்னும் எத்தனை கட்டம், ஒவ்வொன்றும் எத்தனை வாரம், முதுகு ஊசி இன்னும் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் மொத்தச் சிகிச்சையும் இரண்டரை வருடம், மூன்று வருடம் போகும். முதுகு ஊசி பற்றிப் பயம் இருக்கும், ஆனால் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள நீருக்குள் மற்ற மருந்துகள் சரியாகப் போவதில்லை என்பதால்தான் அதை நேராக அங்கே போடுகிறார்கள்.

கடைசிக் கட்டத்துக்கு மெயின்டனன்ஸ் என்று பெயர். இதுதான் நீளமானது, என் கருத்தில் பெற்றோருக்கு இதுதான் கஷ்டமானதும்கூட, ஏனென்றால் மருந்து கொடுப்பது நர்ஸ் இல்லை, நாம். தினமும் 6-எம்பி (மெர்காப்டோப்யூரின் என்ற கீமோ மாத்திரை), வாரம் ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட். எங்களுக்குக் கிடைத்த இரண்டுமே மஞ்சள் நிறச் சின்ன மாத்திரைகள், அட்டையிலிருந்து எடுத்துவிட்டால் எது எது என்று எனக்கே சந்தேகம் வரும். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தவறிப்போய் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் நான் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தனி டப்பாவில் போட்டு, மூடியில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் "வியாழன் மட்டும்" என்று எழுதி, பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். 6-எம்பி அடுப்படி அலமாரியில். 6-எம்பி அளவு குழந்தையின் உடம்பைப் பொறுத்தது என்பதால் சில நாள் ஒன்று, சில நாள் அரை என்று வரும், அதைத் தினசரிக் காலண்டர் தாளிலேயே காலையில் எழுதிவிட்டு, இரவு கொடுத்ததும் டிக் அடித்துத்தான் தாளைக் கிழிப்பேன். டிக் இல்லாத தாளை என் வீட்டில் யாரும் கிழிக்கக் கூடாது. மாத்திரையை உடைக்கும்போது கையுறை போடுங்கள், கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

ஒருநாள் விட்டால் என்ன என்று தோன்றும். அமெரிக்காவில் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், 6-எம்பியை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நாளுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. மாதக் கணக்கில் பார்த்தால், இரண்டு நாள் விட்டாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறோம். விட்டுப்போனால் மறுநாள் இரட்டையாகக் கொடுத்துவிடாதீர்கள், போன் செய்து கேளுங்கள். வாந்தி எடுத்துவிட்டாலும் அப்படித்தான். கவுன்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, மிகவும் இறங்கினால் டாக்டரே ஒரு வாரம் நிறுத்தச் சொல்வார், அது வேறு, நாமாக நிறுத்துவது வேறு. ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு நாளானது: இந்தக் கட்டத்தில் வெள்ளணுவைக் கொஞ்சம் குறைவாக வைத்திருப்பதே அவர்களின் நோக்கம். கவுன்ட் நன்றாக ஏறியிருக்கிறதே என்று நாம் சந்தோஷப்பட்டால், மருந்து போதவில்லையோ, வீட்டில் விட்டுவிட்டார்களோ என்று அவர்கள் யோசிப்பார்கள். விட்டிருந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. இல்லாவிட்டால் குழந்தைக்குத் தேவையில்லாமல் அளவைக் கூட்டிவிடுவார்கள். நாட்டு மருந்து எதையும் கேட்காமல் சேர்க்க வேண்டாம், ஏற்கெனவே ஈரல் இந்த மருந்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

காய்ச்சல் 100.4 தொட்டால் நேரம் என்ன என்று பார்க்காதீர்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள், எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். தெர்மாமீட்டரும் ஃபைலும் மாற்றுத்துணியும் ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். தெருவிலோ பள்ளியிலோ யாருக்காவது அம்மை போட்டிருக்கிறது, நம் பிள்ளை அவர்களோடு இருந்திருக்கிறான் என்று தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். வேப்பிலை கட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள், தடுப்பு மருந்து கொடுக்க நேரம் மிகக் குறைவு.

திரும்பி வருகிறதோ என்ற பயம் போகாது. காரணமில்லாத கன்றிப்போன தடங்கள், வெளிறிய முகம், தொடரும் எலும்பு வலி, தலைவலியோடு வாந்தி, ஆண் குழந்தைகளுக்கு விதையில் வலியில்லாத வீக்கம், இவற்றில் எதைப் பார்த்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் காட்டுங்கள். மற்றபடி ஒவ்வொரு இருமலுக்கும் நடுங்க வேண்டியதில்லை. திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில்தான் வரும், சிகிச்சை முடிந்து வருடங்கள் போகப் போக வாய்ப்பு குறைந்துகொண்டே வரும், அப்போதுதான் டாக்டர்கள் குணம் என்ற வார்த்தையை வாயைத் திறந்து சொல்வார்கள்.

இன்னொன்று, மற்ற நோய்களில் இதே வார்த்தைக்கு வேறு அளவுகோல். சர்க்கரையில், மருந்தை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் எச்பிஏ1சி, அதாவது சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு, 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் ரெமிஷன் என்கிறார்கள். முடக்குவாதத்தில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ரெமிஷனில் இருக்கலாம். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பதை வைத்து உங்கள் குழந்தைக்கு முடிவெடுக்காதீர்கள்.

கடைசி மாத்திரை முடிந்த அன்று மறக்காமல் சிகிச்சைச் சுருக்கத்தை எழுதி வாங்குங்கள். எந்தெந்த மருந்து, மொத்தம் எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும், முக்கியமாக சிவப்பு நிறக் கீமோ மருந்தின் மொத்த அளவு, ஏனென்றால் அது வருடங்கள் கழித்தும் இதயத்தைப் பாதிக்கலாம், நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார். நான் அதை மூன்று நகல் எடுத்து, ஒன்றைப் போனில் படம்பிடித்து வைத்திருக்கிறேன், ஒன்று ரேஷன் கார்டோடு இருக்கிறது, இன்னொன்று அத்தையின் டிரங்குப் பெட்டியில்.