சேது நாட்டுக் கோயிற்கலையை வழிபாடாகக் காணும் முறை

கோயிற்கலை கண்ணுக்கு விருந்தாக மட்டும் செய்யப்பட்டதன்று. அலைகிற மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதே அதன் முதற்பணி. அந்தப் பணியை அனுபவித்து அறிய விரும்பி, சேது நாடு எனப்பட்ட இராமநாதபுரக் கடற்கரைப் பகுதிக்கு வருபவர், இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரத்திலிருந்து தொடங்கலாம்.

18ஆம் நூற்றாண்டில் இந்நாட்டை ஆண்ட முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவுற்ற இப்பிராகாரத்தில் 1212 தூண்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். இத்தகைய புள்ளிவிவரங்களை நுழையும்போதே கேட்டுக்கொண்டால் கண் அளவெடுக்கத் தொடங்கிவிடும். வரலாற்றை வெளியே வந்த பிறகு படித்துக்கொள்ளுங்கள். 22 தீர்த்தங்களிலும் நீராடி, உடை மாற்றி, தரிசனமும் முடித்து, வரிசையில் நின்ற பரபரப்பு அடங்கியதும் வலம் வாருங்கள். கைப்பேசிக்கு உள்ளே அனுமதியில்லை என்பது இந்தப் பயிற்சிக்குப் பெரிய உதவி.

பிராகாரத்தின் ஒரு கோடியில் நின்று நேரே பாருங்கள். இருபுறமும் உயர்ந்த மேடைமேல் நிற்கும் தூண்கள், தொலைவு கூடக் கூட நெருங்கி, கடைசியில் ஒரு புள்ளியில் கூடுவதாகத் தோன்றும். அந்தப் புள்ளியில் பார்வையை வைத்து, வழக்கத்தைவிடச் சற்று மெதுவாக நடந்தால், தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும் சீரான தாளத்துக்கு மூச்சு தானாக இசைந்துகொள்ளும். ஐந்தெழுத்து ஓதுபவர்கள் தூணுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் தவறினால் திரும்பிப் போய்த் தொடங்க வேண்டாம். மூலையில் திரும்பியதும் பழைய புள்ளி மறைந்து புதியது தோன்றும். அங்கே சற்று நின்று செல்லுங்கள். சிற்ப வேலைப்பாட்டை ஆராய்வது இரண்டாம் சுற்றுக்கு உரியது.

படைப்பு என்றால் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும் என்று எண்ணுபவர்கள் அடுத்து உத்தரகோசமங்கைக்குச் செல்ல வேண்டும். மாணிக்கவாசகர் பாடிய அத்தலத்தில் மரகத நடராசர் வழக்கமாக ஆண்டு முழுவதும் சந்தனக்காப்புக்குள்ளேயே இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டிக் காப்பு களையப்பட்டு, அபிஷேகம் முடிந்து, மீண்டும் சந்தனம் சாத்தப்படுகிறது. ஒலியதிர்வு மரகதத்தைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு என்பது மரபான விளக்கம். சாதாரண நாளில் சென்றுவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று குறைப்படுவோர் உண்டு. என் கருத்தில் முதன்முறை சாதாரண நாளில்தான் செல்ல வேண்டும். சந்நிதியில் நின்று, ஊன்றிய பாதம், தூக்கிய திருவடி, வீசிய கரம், குமிண்சிரிப்பு என்று ஒவ்வொன்றாக மனத்தில் தீட்டிப் பாருங்கள். இவ்வாறு பழகாதவருக்குத் திருவாதிரைக் காட்சி நெரிசலில் கிடைத்த ஒரு நொடிப் பார்வையாகவே போய்விடும்.

இராமநாதபுரம் அரண்மனையில் சுவரோவியங்கள் உள்ள இராமலிங்க விலாசத்தை இறுதியாக வைத்துக்கொள்ளலாம். இராமாயணக் காட்சிகளும் போர்க்களமும் ஐரோப்பியர் வந்து காணும் அரசவையும் ஒரே கட்டடத்தின் சுவர்களில் இருப்பதால், பக்தி ஓவியத்தைத் தனியே பிரித்துப் பார்க்கத் தோன்றும். பிரிக்க வேண்டாம்; இராசராசேசுவரி அம்மனிடம் சேதுபதி செங்கோல் பெறும் ஓவியத்தின் முன் நின்றால் ஏன் என்பது விளங்கும்: அங்கே அரசாட்சியே அம்மன் அருளாகக் காட்டப்படுகிறது. வண்ணங்கள் பல இடங்களில் மங்கியிருப்பதால் நல்ல வெளிச்சம் உள்ள முற்பகலில் செல்லுங்கள், சுவரைத் தொடாதீர்கள்.