ஜிசிஎஸ்இ மியூசிக் எடுக்கும் பிள்ளைக்கு: பாட்டு வகுப்பில் படித்ததை எப்படிப் பயன்படுத்துவது

இங்கிலாந்தில் இயர் 9 (13-14 வயது) பிள்ளைகள் ஜிசிஎஸ்இ-க்கு, அதாவது இயர் 11 முடிவில் எழுதும் பொதுத்தேர்வுக்கு, பாடம் தேர்ந்தெடுக்கும் படிவம் வீட்டுக்கு வந்ததும் முதலில் வெட்டுப்படுவது மியூசிக்தான். "அதுதான் சனிக்கிழமை கர்நாடக சங்கீதப் பாட்டு கிளாஸ் போறாளே, பள்ளிக்கூடத்தில் வேறு எதுக்கு?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். மகள் பிடிவாதமாக எடுத்தாள். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் தட்டித் தடவிக் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

தேர்வு அறைக்குள் போவதற்கு முன்பே மதிப்பெண்ணில் 60 சதவீதம் முடிவாகிவிடும். ஏக்யூஏ, எடெக்செல், எடுகாஸ் என்ற மூன்று தேர்வு வாரியங்களிலும் பாடுவது அல்லது வாசிப்பதற்கு 30, சொந்தமாக இசையமைப்பதற்கு 30, கேட்டு எழுதும் தேர்வுக்கு 40. ஓசிஆரில் அந்த 60-ஐப் பிரிக்கும் விதம் மட்டும் வேறு. உங்கள் பள்ளி எந்த வாரியம் என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள், நுணுக்கமான விதிகள் ஒவ்வொன்றிலும் மாறும். நான் சொல்வது எடெக்செல்லை வைத்து.

பர்ஃபாமன்ஸில் ஒன்று தனியாக, ஒன்று குழுவாக. இரண்டும் சேர்ந்து குறைந்தது 4 நிமிடம், தனித்தனியே குறைந்தது 1 நிமிடம். வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் சறுக்குவது, அரங்கேற்றத்துக்குப் பாடம் பண்ணிய பெரிய உருப்படியைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். இசைக்கென்று தனியாக நடக்கும் கிரேடு தேர்வுகளின் கிரேடு 4 அளவை (ஜிசிஎஸ்இ மதிப்பெண் கிரேடு அல்ல) நடுத்தரக் கடினம் என்று வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள், அதற்கு மேல் போனால் கொஞ்சம் கூடக் கிடைக்கும், உண்மைதான், ஆனால் தடுமாறினால் கிடைத்ததைவிட அதிகம் போய்விடும். தூக்கத்தில் எழுப்பினாலும் பாடக்கூடிய ஒன்றை எடுங்கள். நம் இசைக்கு ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) இல்லையே என்று பயப்பட வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முறையான ஒலிப்பதிவு கொடுக்கலாம், ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

குழு இசையில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் பிள்ளையின் பகுதியை இன்னொருவர் அப்படியே கூடவே வாசிக்கக் கூடாது. நம் கச்சேரியில் வயலின் செய்வதே பாடகரை நிழலாகத் தொடர்வதுதானே! அதனால் வயலின் படிக்கும் பிள்ளை வழக்கமான பக்கவாத்தியம் வாசித்துப் பதிவு செய்தால் பிரச்சினை. பாட்டும் மிருதங்கமும் என்றால் கவலையில்லை, இரண்டும் தனித்தனிப் பகுதிகள்.

சரி, கம்போசிஷன். பிள்ளைகள் தள்ளிப்போடுவதும் இதைத்தான், நம் பிள்ளைகளுக்குக் கையில் சரக்கு இருப்பதும் இதில்தான். இரண்டு இசை எழுத வேண்டும், சேர்ந்து குறைந்தது 3 நிமிடம். ஒன்று விருப்பப்படி, மற்றது வாரியம் தரும் தலைப்புக்கு. தலைப்பு இயர் 11 செப்டம்பரில்தான் வரும், ஆகவே விருப்ப இசையை இயர் 10-லேயே முடித்துவிடுங்கள், பிறகு மற்ற பாடங்களின் மாக் (மாதிரி) தேர்வுகள் மூச்சு விட விடாது.

எப்படித் தொடங்குவது? மகள் முதலில் கணினியில் லூப்களை (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டுகளை) அடுக்கி ஏதோ செய்தாள், கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு நிமிடமும் ஒரே இடத்தில் நின்றது. தேர்வாளர்கள் பார்ப்பது ஒரு சின்னக் கருத்து எப்படி வளர்கிறது என்பதை. அதைத்தான் கீழ்க்காலம், மேல்காலம், நடை மாற்றம் என்று நம் பிள்ளைகள் வருடக்கணக்கில் செய்கிறார்கள், அது கம்போசிஷன் உத்தி என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான். மோகன ராகத்தில் நாலு ஸ்வரத்தில் ஒரு பிடி (சின்ன ஸ்வரத் தொடர்) எடுங்கள். அதை இரண்டு மடங்கு வேகத்தில் பாடுங்கள், கடைசி ஸ்வரத்தை மட்டும் மாற்றுங்கள், தலைகீழாக்குங்கள், திஸ்ரத்தில் (மும்மூன்றாக எண்ணும் நடையில்) போடுங்கள். மோகனம் மேற்கத்திய மேஜர் பென்டடானிக்கேதான் (ஐந்து ஸ்வர மேஜர் வரிசை), அதனால் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) அடியில் எளிதாக உட்காரும். நடுவில் மாறுதல் வேண்டுமா, மத்யமமும் நிஷாதமும் சேர்த்துச் சங்கராபரணத்துக்குப் போங்கள், அது மேஜர் ஸ்கேல். முடிவுக்கு மூன்று முறை வரும் ஒரு கோர்வை (முடித்துவைக்கும் தாளக் கணக்கு). மிருதங்கம் படிக்கும் பிள்ளைக்கு இது சும்மா வரும்.

முதலில் போனில் பாடிப் பதிவு செய்யட்டும், பிறகு மியூஸ்ஸ்கோர் மென்பொருளில் எழுதலாம் அல்லது பேண்ட்லேப் ஆப்பில் அடுக்கலாம், இரண்டையும் காசில்லாமல் பயன்படுத்தலாம். நோட்டேஷனில் எழுதித் தர வராவிட்டால் இசை எப்படி உருவானது என்று விளக்கம் எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துக் கொண்டுபோகாதீர்கள், பிள்ளையின் சொந்த வேலை என்று ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் கண்முன் வளர்ந்த இசைக்குத்தான் போடுவார். முக்கியமாக, பாட்டு டீச்சர் 'கொஞ்சம் திருத்தி'க் கொடுக்கிறேன் என்றால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

கேட்டு எழுதும் தேர்வுக்கு ஸ்டாஃப் நோட்டேஷன் தெரிந்தே ஆக வேண்டும், இதில் சரிகம காப்பாற்றாது. பாடத் தெரிந்த வர்ணத்தை வாரத்துக்கு நாலு பார் (தாளப் பிரிவு) ஸ்டாஃபில் எழுதிப் பழகினாள் மகள், மூன்று மாதத்தில் கை ஓடிவிட்டது.

பதிவு நாளுக்கு ஒரு சின்ன விஷயம். தம்புரா ஆப்பை போனில் ஓடவிடுவீர்கள் அல்லவா, ஃப்ளைட் மோடில் போடுங்கள். எங்களுக்கு மூன்றாவது நிமிடத்தில் ஊரிலிருந்து அப்பம்மா அழைத்தார்.