பாட்டைப் பற்றிக் கதைத்து ஆங்கிலச் சொல் சேர்ப்பது எப்படி?

வாசித்தால் விளங்கும், ஆனால் வாயைத் திறந்தால் ‘நைஸ்’, ‘குட்’, ‘சூப்பர்’ தவிர வேறு சொல் வராது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாட்டு என்றால் எல்லோரிடமும் ஒரு அபிப்பிராயம் இருக்கும். அதைச் சொல்லத் துடிக்கும்போது வரும் சொல்தான் மனதில் நிற்கிறது.

1. ஆளும் பாட்டும்

மே முதல் செப்டம்பர் வரை எங்கள் திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். கெஸ்ட் ஹவுஸில், ஓட்டோவில், கடையில் வேலை செய்பவர்களுக்கு ஆளைத் தேடி அலையத் தேவையில்லை. “வாட் கைண்ட் ஆஃப் மியூசிக் டு யூ லிசன் டு?” என்று கேளுங்கள், போதும். அந்த ‘டு’வை விடாதீர்கள், ‘லிசன் மியூசிக்’ என்பது பிழை.

2. மூன்று சொல்லோடு போங்கள்

கேட்டவுடன் மனதில் ஒட்டும் மெட்டு ‘கேட்சி’. துள்ளலானது ‘அப்பீட்’. மென்மையாக, இதமாக இருப்பது ‘மெலோ’. பாட்டின் வரிகள் ‘லிரிக்ஸ்’. இப்படி மூன்றை எடுத்து, உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டோடு சேர்த்து முழு வசனமாகக் கொப்பியில் எழுதுங்கள். உச்சரிப்புக்கு கேம்பிரிட்ஜ் இணைய அகராதிதான் என் தெரிவு. இலவசம், பிரித்தானிய, அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் கேட்கலாம். கூகுள் மொழிபெயர்ப்பில் தனிச் சொல்லைப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அந்தச் சொல்லை எந்த இடத்தில் பாவிப்பது என்று அதில் தெரியாது.

3. சொல் வராத இடம்

நான் நெடுநாள் திணறிய இடம் இது. நன்றாகக் கதைத்துக்கொண்டு போவோம், ஒரு சொல் வராது, உடனே கை போனுக்குப் போகும். தேடி எடுப்பதற்குள் கதை முடிந்துவிடும். போனை எடுக்காதீர்கள். தெரிந்த சொற்களால் அந்தப் பொருளைச் சுற்றி வாருங்கள். மீதியை எதிரில் இருப்பவர் தருவார்.

பத்திரகாளி அம்பாள் கோயில் பக்கம் நாதஸ்வரம் கேட்டுவிட்டு ஒருவர் “அது என்ன?” என்று கேட்கிறார் என்று வையுங்கள். நாதஸ்வரத்தின் நுனியில் வைத்து ஊதும் சீவாளியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை. “தி ஸ்மால் பீஸ் அட் தி டாப். யூ ப்ளோ இன்டு இட். வாட் டு யூ கால் தட்?” என்று கேளுங்கள். “ரீட்?” என்பார். இசை தெரிந்தவர் என்றால் “டபுள் ரீட், லைக் அன் ஓபோ” என்றும் சேர்ப்பார் (ஓபோ ஒரு மேற்கத்திய ஊதுகருவி). தவிலுக்கும் அப்படித்தான்: ஒரு பக்கம் குச்சி, மற்றப் பக்கம் கூடு போட்ட விரல்கள் என்று கையால் காட்டி, ‘ஸ்டிக்’, ‘ஃபிங்கர்ஸ்’ என்று சொன்னாலே விளங்கிவிடும். கேட்டு வாங்கிய சொல்லை உடனே உங்கள் வாயால் ஒரு வசனத்தில் திருப்பிச் சொல்லுங்கள்: “யெஸ், தி ரீட் இஸ் வெரி ஸ்மால்.” இதைத் தவறவிட்டால் அந்தச் சொல் கைக்கு வராது.

பைலாவும் நல்ல தலைப்பு. போர்த்துக்கேயர் காலத் தொடர்புள்ள இசை, எங்கள் திருகோணமலையிலும் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. ‘ரிதம்’, ‘டான்ஸ்’, ‘ஒரிஜின்’ எல்லாம் அந்தக் கதையில் தானாகவே வந்து விழும். இதை யாராவது கேட்டால் நான் எளிதில் நிறுத்த மாட்டேன்!

4. அன்றிரவு

கிடைத்த சொல்லை, அதைச் சொன்னவரின் வசனத்தோடு எழுதுங்கள். ஃபிளாஷ் கார்டு செயலிகளை விட எனக்குக் கொப்பிதான்.

பின்சேர்க்கை: கடற்கரைப் பக்கம் போக வழியில்லை, யாரோடு கதைப்பது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆங்கிலம் படிக்கும் இன்னொரு நண்பரோடு வாட்ஸ்அப் குரல்பதிவில் செய்யுங்கள். ஆளுக்கொரு பாட்டு அனுப்பி, “வை டு யூ லைக் இட்?” என்று மாறி மாறிக் கேளுங்கள். ‘நைஸ்’ என்று பதில் வந்தால் விடாமல் திரும்பவும் ‘வை’ கேட்க வேண்டும். முதலில் பிடிக்காமல் கேட்கக் கேட்கப் பிடித்துப்போன பாட்டு என்றால் “இட் க்ரூ ஆன் மி” என்று சொல்லலாம். இருவருமே தடுமாறும் சொல்லை மட்டும் கடைசியில் அகராதியில் பாருங்கள்.