62,000 யூரோவை நூறால் பெருக்காதீர்கள்

கார்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் பெங்களூரில் அதிகம். அதனால் எங்கள் ஆபீஸில் ஜெர்மனி ஆஃபர் வருவது சகஜம். வந்ததும் "அக்கா, இது நல்ல சம்பளமா?" என்று என்னிடம் கேட்பார்கள். 2025-ல் எங்கள் டீமின் கோயம்புத்தூர்த் தம்பிக்கு ஸ்டுட்கார்ட்டில் வருஷத்துக்கு 62,000 யூரோ சம்பளத்தில் ஆஃபர் வந்தது. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று பெருக்கி, "அறுபத்திரண்டு லட்சம்!" என்றான். இங்கே அவன் சிடிசி, அதாவது அவனுக்காகக் கம்பெனி வருஷத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 34 லட்சம்.

முதலில் இரண்டையும் கைக்கு வரும் மாதப் பணமாக மாற்றுங்கள். சிடிசியில் கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, வேரியபிள் என்ற நிச்சயமில்லாத போனஸ் எல்லாம் ஒளிந்திருக்கும். வரியும் போனால் அவனுக்கு மாதம் சுமார் 1.9 லட்சம். ஜெர்மனியில் பென்ஷன், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு எல்லாம் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் வரி. தனி ஆள் என்றால் 62,000-க்கு மாதம் சுமார் 3,200 யூரோ. வேலைக்குப் போகாத மனைவியும் ஒரு குழந்தையும் என்றால், டாக்ஸ் கிளாஸ் 3 என்ற குறைவாக வரி பிடிக்கும் வகையில் சுமார் 3,600. குழந்தைக்கு அரசு தரும் கிண்டர்கெல்ட் தனி, 2025-ல் அது மாதம் 255 யூரோ. இணையத்தில் 'புருட்டோ நெட்டோ' (மொத்தச் சம்பளம், கைச் சம்பளம்) கால்குலேட்டர் என்று தேடிப் போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை.

அடுத்தது வாடகை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் கால்ட்மீட்டே, அதாவது வெறும் வீட்டு வாடகை. ஹீட்டிங், தண்ணீர், குப்பை சேர்ந்த வார்ம்மீட்டேதான் நீங்கள் மாதாமாதம் கட்டப்போவது. அவன் கணக்கில் அதற்கு 1,500 எழுதினோம். பாதுகாப்பு டெபாசிட்டாக அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டே கேட்கலாம் என்பது அங்கே சட்டம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய பெங்களூர்க்காரருக்கு அது ஒன்றும் பயமில்லை. டிவி இல்லாத வீட்டுக்கும் வானொலிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ உண்டு, அதையும் மறக்காதீர்கள்.

இவ்வளவு போட்ட பிறகும் அவனுக்கு அங்கே நன்றாகவே மிஞ்சியது. ஆனால் பெங்களூர் பெள்ளந்தூர் வீட்டில் சம்பாதிப்பது அவன் மட்டுமில்லை. மனைவியும் டெஸ்டிங் வேலையில் இருக்கிறாள், கைக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். அதை அவன் பேப்பரில் எழுதவே இல்லை! அங்கே போனால் இழக்கும் அந்தச் சம்பளத்தையும் கழித்ததும் மிச்சம் பாதியானது. ப்ளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான அனுமதியில், போகிறவரின் துணைக்கு அங்கே வேலை செய்ய உரிமை உண்டு, உண்மைதான். ஆனால் உரிமை வேறு, வேலை கிடைப்பது வேறு. ஜெர்மன் தெரியாமல், இரண்டு வயதுக் குழந்தைக்குக் கீட்டா என்ற குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்காமல், முதல் வருஷம் அவள் சம்பளம் பூஜ்யம் என்றே வைத்துப் பாருங்கள். அப்போதும் கணக்கு ஒத்து வந்தால் சரி.

இதெல்லாம் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்ப்பதற்கு. நியாயமான சம்பளமா என்பதை அந்த ஊர்ச் சந்தைதான் சொல்லும். ஜெர்மன் வேலைவாய்ப்புத் துறையின் எண்ட்கெல்ட்அட்லாஸ் தளத்தில் வேலையையும் மாநிலத்தையும் போட்டால் நடு மதிப்புச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழே) தெரியும். ப்ளூ கார்டுக்கு 2025-ல் வேண்டிய குறைந்தபட்ச வருஷச் சம்பளம் 48,300 யூரோ, ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கு 43,759.80. இது வருஷா வருஷம் மாறும். அனுபவசாலிக்கு இதை ஒட்டியே ஆஃபர் வந்தால், கம்பெனி விசாவுக்கு வேண்டியதை மட்டும் கொடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு உட்பட்டதா என்றும் கேளுங்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் உலோக, மின் தொழிலில் அந்த ஒப்பந்தப்படி வாரம் 35 மணி நேரம்தான். கார் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனம் 40 மணி நேரத்துக்கு அதே 62,000 கொடுத்தால் அது குறைந்த சம்பளம்.

துபாய் ஆஃபர் என்றால் பார்வை வேறு. சம்பளத்துக்கு வரி கிடையாது, ஆனால் வேலை முடியும்போது தரும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அடிப்படையைச் சிறிதாக்கி அலவன்ஸைப் பெரிதாக்கியிருந்தால் அங்கேயே பேரம் பேசுங்கள்.

பேசும்போது இங்கே வாங்கும் சம்பளத்தை நீங்களாக எடுக்காதீர்கள். கேட்டால், "இந்த வேலைக்கு ஸ்டுட்கார்ட்டில் நான் எதிர்பார்ப்பது இவ்வளவு" என்று யூரோவில் சொல்லுங்கள். தம்பி 69,000 கேட்டான், 66,000-க்கு வந்தார்கள். குடும்பத்துக்கு விமான டிக்கெட், முதல் இரண்டு மாதத் தங்குமிடம், மனைவிக்கு ஜெர்மன் வகுப்புக் கட்டணம் மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிய பிறகுதான் இங்கே ராஜினாமா கொடுத்தான்.