கண்ணில் சொட்டு மருந்து விடுவது எப்படி?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலையைப் பின்னால் சாய்த்துக் கீழ் இமையை மெல்ல இழுத்தால் சிறு பை போன்ற இடம் தெரியும். மருந்து விழ வேண்டியது அங்கேதான், கருவிழி மேல் அல்ல. ஒரு சொட்டு போதும். மிஞ்சியது கன்னத்தில்தான் வழியும். குப்பியின் முனை இமையில் பட்டால் மருந்துக்குள் கிருமி போய்விடும்.

பிறகு கண்ணைச் சிமிட்டாமல் மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் 2 நிமிடம் அழுத்துங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அழுத்தாவிட்டால் மருந்து மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசக்கும். கண் நீர் அழுத்த நோய்க்குத் (குளுக்கோமா) தரும் டிமோலால் என்ற சொட்டு மருந்து இப்படி இரத்தத்தில் கலந்தால் நாடித் துடிப்பு குறையலாம்; ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரண்டு மருந்து என்றால் இடையே 5 நிமிடம், களிம்பு கடைசியில். பால் போலக் கலங்கிய மருந்தைக் குலுக்கிவிட்டே விடவும். திறந்த குப்பியை, வேறு குறிப்பு இல்லையென்றால், 4 வாரத்தில் தூக்கிப் போடுங்கள்.